ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பூனைகள், இரண்டு குணம்

கேள்வி இது: ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளை இரண்டு மாதத்தில் எடுத்து வந்திருக்கிறீர்கள். இப்போது ஒரு வயது. மஞ்சள் நிற ஆண் எப்போதும் மடியில்தான். பெண் பூனையோ பெரும்பாலும் அலமாரிக்கு மேலே. மேசையில் இருப்பதை உங்களைப் பார்த்துக்கொண்டே தள்ளிவிடுகிறாள், விடிகாலையில் வீடு முழுக்க ஓடுகிறாள், உங்கள் எதிரில் மல்லாந்து படுக்கிறாளே என்று வயிற்றைத் தடவினால் கடிக்கிறாள். அவளுக்கு எங்கள்மேல் பாசமே இல்லையா, ஏதாவது கோளாறா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கோளாறு எதுவும் தெரியவில்லை. பாசமும் இருக்கிறது. உங்கள் கேள்வியிலேயே அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது, அந்த இடம் வரும்போது காட்டுகிறேன். பதினெட்டு வருடமாகப் பூனைகளோடு இருக்கிறேன், அவற்றில் கூச்சக்காரப் பூனைகள்தான் அதிகம். அதனால் உங்கள் அலமாரிக்காரியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரே வயிற்றில் பிறந்ததுகள் ஏன் இப்படி என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். ஒரே ஈற்றுக் குட்டிகள் என்றால் ஒரே அப்பா என்று கட்டாயம் இல்லை. தாய்ப்பூனை சூட்டுக்கு வந்திருக்கும் நாட்களில் பல கடுவன்களோடு, அதாவது ஆண் பூனைகளோடு, சேரும். ஒரு குட்டிக்கு ஒரு கடுவனும் பக்கத்தில் கிடக்கும் குட்டிக்கு வேறொரு கடுவனும் தகப்பனாக இருக்கலாம். குட்டியின் துணிச்சலில் அப்பாவின் பங்கு பெரிது. சாண்ட்ரா மெக்யூன் என்பவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர்களோடு இணக்கமாக இருக்கும் கடுவனுக்குப் பிறந்த குட்டிகள் புது ஆட்களையும் பழக்கமில்லாத பொருட்களையும் மற்ற குட்டிகளைவிடத் தைரியமாக நெருங்கின. கடுவன் பொதுவாகக் குட்டி வளர்ப்பில் தலையிடுவதே இல்லை. ஆகவே இது அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டது ஆகாது, ரத்தத்தில் வந்தது.

அடுத்தது குட்டிப் பருவம். பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை குட்டியின் மனக்கதவு திறந்திருக்கும். அந்த நாட்களில் யார் தூக்கினார்கள், எத்தனை பேர் தூக்கினார்கள், எவ்வளவு நேரம் தூக்கினார்கள் என்பது ஆயுசுக்கும் நிற்கிறது. நீங்கள் எடுத்து வந்தபோது இரண்டு மாதம். அதாவது அந்தக் கதவு ஏறக்குறைய சாத்திய பிறகு. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் குட்டியை ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சியிருப்பார்கள், மூலையில் ஒண்டிக் கிடந்ததைத் தொட்டிருக்க மாட்டார்கள். இது என் ஊகம்தான், ஆனால் இப்படி நடப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள் பூனை என்றாலே பாசக்காரப் பூனை என்று பலர் நம்புகிறார்கள். நிறத்துக்கும் குணத்துக்கும் முடிச்சுப் போட இதுவரை உறுதியான ஆதாரம் கிடையாது. ஒன்று மட்டும் உண்மை: மஞ்சள் நிறத்தைத் தரும் மரபணு, ஆணுக்கு ஒன்றும் பெண்ணுக்கு இரண்டுமாக இருக்கும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், மஞ்சள் பூனைகளில் ஐந்துக்கு நான்கு ஆணாகத்தான் இருக்கும். பல காலமாகத் தேடிக்கொண்டிருந்த அந்த மரபணு மாற்றத்தை 2025-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்து வெளியிட்டன. கறுப்பும் மஞ்சளும் கலந்த பூனை ஏறக்குறைய எப்போதும் பெண்ணாக இருப்பதற்கும் இதே எக்ஸ் குரோமோசோம்தான் காரணம்.

சரி, குணத்துக்கு வருவோம். 2017-இல் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2,802 வீட்டுப் பூனைகளைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பூனையின் குணத்தை ஐந்து கூறுகளாகப் பிரித்தார்கள்: மிரட்சி, துறுதுறுப்பு, மற்ற பூனைகளை அடக்கி ஆளும் தன்மை, முன்யோசனை இல்லாத அவசரம், இணக்கம். ஒவ்வொரு பூனையும் ஐந்திலும் கூடவோ குறையவோ இருக்கும். உங்கள் பெண் பூனையை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். மிரட்சி அதிகம், ஆனால் மேசையில் இருப்பதைத் தள்ளுவதிலும் ஓட்டத்திலும் துறுதுறுப்பும் அதிகம். பயந்த பூனை என்று ஒரே சொல்லில் அவளை முடித்துவிட முடியாது. மிரட்சி கூடிய பூனைக்கு வீட்டில் ஒளிந்துகொள்ள இடம் அதிகம் வேண்டும் என்பதுதான் அந்த ஆய்வாளர்கள் சொன்ன அறிவுரையும். அவள் அதைத் தானே தேடிக்கொண்டுவிட்டாள்.

அலமாரி உச்சியை அவள் ஏன் பிடித்தாள் என்று புரிய, அவள் முன்னோரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் வீட்டுப் பூனைகளின் முன்னோர் வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் திரிந்த ஒரு சிறிய காட்டுப் பூனை. தானியம் சேர்த்த இடத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரைப் புதைத்த குழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருந்தார்கள், 2004-இல் அதைப் பற்றி வெளியிட்டார்கள். அவ்வளவு பழைய உறவு. ஆனாலும் அந்தக் காட்டுப் பூனை தனியாக வேட்டையாடித் தனியாக வாழ்ந்த பிராணி. எலிக்கு அது எமன், பெரிய பிராணிகளுக்கு அதுவே இரை. இந்த இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதை மனதில் வைத்துக்கொண்டால் பூனையின் பாதிச் சேட்டைகள் விளங்கிவிடும். உயரத்தில் இருந்தால் வேட்டைக்காரிக்கு எல்லாம் தெரிகிறது, இரைக்கு முதுகுப் பக்கம் பயமில்லை.

அட்டைப் பெட்டி மோகமும் இதே வகைதான். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2014-இல், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி வைத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிடச் சீக்கிரம் பதற்றம் தணிந்தன. கூடவே பூனைக்குச் சூடு பிடிக்கும். 30 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை அதன் உடம்புக்குச் சௌகரியம், நமக்கு வியர்த்துக் கொட்டும் சூடு அது. நாலு பக்கமும் அட்டை இருந்தால் அதன் சூடு அதனிடமே தங்கும். மடிக்கணினி மேல் ஏறிப் படுப்பதும் பெரும்பாலும் இதற்காகத்தான்.

இப்போது மேசை விவகாரம். இதை மிக அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். சாம்பி என்று எங்கள் வீட்டில் ஒரு சாம்பல் நிறப் பெண் பூனை. நான் எழுதிக்கொண்டிருக்கும்போது ஏறி வந்து காகிதத்தின் ஓரமாக உட்காருவாள். பேனா மூடியின்மேல் முன்னங்காலை வைப்பாள், எடுப்பாள். மறுபடி வைத்து ஒரு விரற்கடை தள்ளுவாள். மூடி உருளும். காது இரண்டும் முன்னால் திரும்பும். இன்னொரு விரற்கடை. மூடி விளிம்புக்கு வந்ததும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். "சாம்பி, வேண்டாம்" என்பேன். அந்தக் கணமே மூடி கீழே விழும்.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. காலால் தட்டிப் பார்ப்பது ஆராய்ச்சி. பூனைக்கு மூக்குக்கு நேர் கீழே, ஏறக்குறைய ஒரு சாணுக்கு உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியாது. அந்தத் தூரத்தில் மீசை முடியும் பாதமும் மோப்பமும்தான் அதற்குக் கண். பொருள் அசைகிறதா, உயிர் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது வேட்டைக்காரியின் வழக்கம். ஆனால் முகத்தைப் பார்ப்பது வேறு. அது நாம் சொல்லிக்கொடுத்தது. ஒரு தடவை தள்ளியபோது நாம் திரும்பினோம், பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், எழுந்து ஓடினோம். பூனைக்கு அது போதும். திட்டும் ஒரு கவனிப்புதான்.

நான் செய்தது இது: விழுந்தால் உடையக்கூடியவற்றை எல்லாம் எடுத்து உள்ளே வைத்தேன். மூடி விழும்போது நிமிரவே இல்லை. அவள் தள்ளாமல் சும்மா வந்து உட்கார்ந்த நேரங்களில் எழுத்தை நிறுத்திவிட்டுத் தாடையடியில் சொறிந்து கொடுத்தேன். முதல் வாரம் தொல்லை கூடியது. எப்போதும் கிடைத்த பலன் நின்றுபோனால் எந்தப் பிராணியும் முதலில் இன்னும் ஓங்கித்தான் முயலும். அந்த வாரத்தில் விட்டுக்கொடுத்தீர்களானால், ஓங்கித் தள்ளினால்தான் காரியம் ஆகும் என்று கற்றுக்கொள்வாள். மூன்றாவது வாரத்தில் அடங்கியது.

விடிகாலை ஓட்டத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எலிகளும் பறவைகளும் நடமாடும் நேரம் விடியலும் அந்தியும், பூனையின் உடம்புக் கடிகாரமும் அதற்கே சாவி கொடுக்கப்பட்டிருக்கிறது. நமக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தால் அதற்குக் கண் தெரியும். பகலெல்லாம் தூங்கிச் சேர்த்த தெம்பு அந்த நேரத்தில் வெளியே வருகிறது. வேட்டையாடு, தின்னு, நக்கிச் சுத்தம் செய், தூங்கு: இதுதான் பூனையின் வரிசை. நீங்கள் படுப்பதற்கு முன் அந்த வரிசையை நடத்திக் கொடுங்கள். குச்சியில் இறகு கட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, இடையில் சில தடவை பிடிக்கவும் விட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். பிடிக்கவே விடாமல் ஆட்டம் காட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும். விடிகாலை நாலு மணிக்கு எழுப்பினால் அந்த நேரத்தில் மட்டும் சாப்பாடு வைக்காதீர்கள். ஒரே ஒரு நாள் வைத்தாலும் மறுநாள் மூன்றரைக்கே வருவாள்.

வயிறு. உங்கள் கேள்வியில் இருக்கிறது என்று சொன்ன சாட்சி இதுதான். எந்தப் பிராணிக்கும் வயிறு அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான இடம், எலும்பு மறைப்பு இல்லாத இடம். அதை உங்கள் எதிரில் திறந்து போட்டுப் படுக்கிறாள் என்றால், இந்த ஆள் ஒன்றும் செய்ய மாட்டார் என்று நம்புகிறாள். நம்புவதால் காட்டுகிறாள், தொடச் சொல்லிக் காட்டவில்லை. கை பட்டதும் நான்கு காலும் கையைக் கவ்விக்கொள்வது தற்காப்பு அனிச்சை. 2015-இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தினர் எங்கே தடவினால் பூனைக்குப் பிடிக்காது என்று உடம்பின் பகுதி பகுதியாகப் பார்த்தார்கள், வால் தொடங்கும் இடத்தைத் தடவியபோதுதான் வெறுப்பு அதிகம் தெரிந்தது. கன்னம், தாடையடி, காதுக்கு முன்னால் முடி குறைவாக இருக்கும் இடம், இவை பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். அங்கேதான் அதன் மணச் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு மூலையிலும் உங்கள் காலிலும் கன்னத்தை உரசுவது தன் மணத்தைப் பூசி, இது என் இடம், இவர் என் ஆள் என்று குறித்துக்கொள்வது.

கடி திடீரென்று வந்தது போலத் தோன்றும். உண்மையில் பூனை முன்னாலேயே சொல்லியிருக்கும். வால் நுனி மட்டும் வெட்டி வெட்டி அசையும். முதுகுத் தோல் ஒரு தடவை சிலிர்த்து ஓடும். காதுகள் பக்கவாட்டில் திரும்பும். குர்ர் சத்தம் நின்றுபோகும். இதில் ஒன்று தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். மூன்று தடவை தடவிவிட்டு நிறுத்துவது என் பழக்கம். இன்னும் வேண்டும் என்றால் பூனையே தலையைக் கொண்டுவந்து கையில் முட்டும்.

அடுத்தது பாசம். பூனையின் முகத்தில் நாம் எதிர்பார்க்கும் பாவம் தெரிவதில்லை, அதனால்தான் இந்தச் சந்தேகமே வருகிறது. வாலைப் பாருங்கள். கொடிக்கம்பம் போல நிமிர்த்திக்கொண்டு உங்களை நோக்கி வந்தால், குட்டி தாயிடம் வருவதைப் போலவே உங்களிடம் வருகிறாள். உங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் கோபம் இல்லை, அந்தப் பக்கம் நீங்கள் இருப்பதால் அவள் பார்க்க வேண்டியதில்லை என்று அர்த்தம். உங்கள் ஆண் பூனை மடியில் மாவு பிசைகிற மாதிரி மிதிக்கிறானே, அது பால் குடிக்கும் நாளில் தாயின் மடியை அமுக்கிப் பால் வரவழைத்த பழக்கம். பெரிதானபின் பூனைகள் ஒன்றோடொன்று அதிகம் மியாவுவதில்லை. அந்தச் சத்தம் பெரும்பாலும் நமக்காக வைத்துக்கொண்டிருப்பது.

கண்ணும் பேசும். பாதிக் கண்ணை மெல்ல மூடித் திறப்பதைக் கவனித்திருப்பீர்கள். 2020-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், வளர்ப்பவர் அப்படி மெல்ல இமைத்தால் பூனையும் திருப்பி இமைப்பது அதிகமானது. இமைத்துக் காட்டிய புது ஆளின் கையை நோக்கிப் பூனைகள் கூடுதலாக வந்தன. 2019-இல் ஜப்பானில் அட்சுகோ சைட்டோ குழுவினர் பூனைக்குத் தன் பெயர் மற்றச் சொற்களிலிருந்து பிரித்துத் தெரியும் என்று காட்டினார்கள். தெரிந்தும் வராமல் இருக்கும், அது வேறு. அதே ஆண்டு அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் குட்டிகளைப் புது அறையில் தனியே விட்டு, வளர்ப்பவர் திரும்பி வரும்போது என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். ஏறக்குறைய 64 சதவீதக் குட்டிகள் ஆளைப் பார்த்ததும் பயம் தணிந்து, மீண்டும் அறையைச் சுற்றிப் பார்க்கப் போயின. கைக்குழந்தைகளைச் சோதிக்கும் அதே முறை, ஏறக்குறைய அதே விகிதம்.

இப்போது அலமாரிக்காரியிடம் எப்படிப் பழகுவது? போய்த் தூக்காதீர்கள், அவ்வளவுதான் முக்கால்வாசி. சூரிச்சில் டென்னிஸ் டர்னர் பல ஆண்டுகள் பூனைகளையும் ஆட்களையும் கவனித்து எழுதியது: ஆள் தொடங்கும் கொஞ்சலைவிடப் பூனை தொடங்கும் கொஞ்சல் அதிக நேரம் நீடிக்கிறது. தரையில் உட்காருங்கள், நேராகப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில். ஒரு விரலை அவள் மூக்கு உயரத்தில் நீட்டிவிட்டு அசையாமல் இருங்கள். மோந்து பார்த்துவிட்டுப் போனால் போகட்டும். அலமாரியிலிருந்து இறங்க இரண்டு வழி இருக்கட்டும், ஒன்று அடைபட்டால் இன்னொன்று. மேலே ஒரு துணியைப் போட்டு அதை அடிக்கடி துவைக்காமல் விடுங்கள், அதில் இருப்பது அவள் மணம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் மேலேயே இருப்பதற்கு அவள் அண்ணனும் காரணமாக இருக்கலாம். பூனைகளின் சண்டை எப்போதும் சீறலும் நகமுமாக இருக்காது. ஒன்று வாசல்படியில் சாவகாசமாக நீட்டிப் படுத்துக்கொண்டு மற்றதை உற்றுப் பார்க்கும், மற்றது சாப்பாட்டுப் பக்கம் போகாமல் திரும்பிவிடும். பார்க்கிற நமக்கு அழகாகத் தூங்குகிறான் என்றே தோன்றும். உங்கள் மஞ்சள் பையன், பூனைகள் மலஜலம் கழிக்கும் மணல் தட்டுக்குப் போகும் வழியில், தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அடிக்கடி படுக்கிறானா என்று ஒரு வாரம் கவனியுங்கள். அப்படி இருந்தால் சாப்பாட்டை ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத இரண்டு இடங்களில் வையுங்கள். மணல் தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல், உங்களுக்கு மூன்று, அதுவும் தனித்தனி இடங்களில். பூனைக்கு மனமுதிர்ச்சி இரண்டு வயதுக்கு மேல்தான் வருகிறது, குட்டியில் கட்டிப்பிடித்துத் தூங்கியவை அப்போது விலகுவதும் உண்டு. ஒரு வயதிலேயே ஏற்பாடு செய்துவிடுவது நல்லது. இரண்டுக்கும் கருத்தடை ஆகவில்லை என்றால் அதைத் தள்ளிப் போடவே வேண்டாம், கூடப் பிறந்தவை என்று அவை பார்க்காது.

கடைசியாக, எது சேட்டை, எது நோய் என்பது. இரையாகவும் வாழ்ந்த பிராணி ஆதலால் பூனை வலியை மறைக்கும். குர்ர் சத்தத்தைக்கூட நம்ப முடியாது, வலியில் இருக்கும் பூனையும் அதைச் செய்யும். கரியன் என்று எங்களிடம் ஒரு கறுப்புப் பூனை இருந்தான். பன்னிரண்டு வயதில் திடீரென்று குளியலறையில் வாளிக்குப் பக்கத்தில் படுக்க ஆரம்பித்தான். குழாய் சொட்டுவதை நாக்கால் பிடிப்பான். வயதான காலத்தில் புதுப் பழக்கம் என்று ரசித்து வீடியோ எடுத்து வைத்தேன். இரண்டு மாதம் கழித்து எடை குறைந்தது கைக்குத் தெரிந்தபோதுதான் கூட்டிக்கொண்டு போனேன், சிறுநீரகம் பெரும்பாலும் போயிருந்தது. அந்த வீடியோவை இன்னும் வைத்திருக்கிறேன், பார்க்க முடிவதில்லை.

அதனால் நான் இப்போது பார்ப்பது பழக்கம் விநோதமா என்று அல்ல, அது புதிதா என்று. உங்கள் பெண் குட்டியிலிருந்தே அலமாரிவாசி, அது அவள் குணம். மடியை விட்டு இறங்காத உங்கள் ஆண் ஒருநாள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தால் அதுதான் கவலைப்பட வேண்டியது. தண்ணீர் அதிகம் குடிப்பது, வயதான பூனை இரவில் கத்துவது, தட்டுக்கு வெளியே போவது, ஏறிய உயரத்துக்கு ஏறாமல் இருப்பது, ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருப்பது எல்லாம் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. மாதம் ஒரு தடவை இரண்டையும் எடை போட்டு எழுதி வையுங்கள். விளையாட்டு முடிந்ததும் நூலையும் இறகுக் குச்சியையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், விழுங்கிய நூல் குடலை அறுத்துவிடும்.

ஆண் பூனை இருப்பதால் இன்னும் ஒன்று. மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய், முக்கி முக்கி உட்கார்ந்து, சொட்டு மட்டும் வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ, அது மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது, அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. எந்த நேரமானாலும் உடனே கூட்டிக்கொண்டு போங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.